குணமாகாதவர்கள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்று ஒட்டினாற்போல் இரண்டு ஊர்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அடிபட்ட தொழிலாளர் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தன. அந்தத் தெருக்களில் வளரும் பையன்கள் திருட்டு, அடிதடி என்று போய்விடாமல் தடுக்க வழி உண்டா என்று ரிச்சர்ட் கிளார்க் கேபட் என்ற ஹார்வர்ட் மருத்துவர் யோசித்தார். அவருக்குக் கிடைத்த பதில் எளிமையானது. ஒவ்வொரு பையனுக்கும் அவன்மேல் அக்கறை கொண்ட ஒரு பெரியவர் பல ஆண்டுகள் துணையிருக்க வேண்டும். திட்டம் முறையாகத் தொடங்கிய 1939-லேயே கேபட் காலமானார். ஆனாலும் அவர் வகுத்தபடியே வேலை நடந்தது.

ஆலோசகர்கள் மாதம் சுமார் இரண்டு முறை வீடு தேடிப் போனார்கள். பையனிடம் பேசினார்கள், வீட்டுப் பிரச்சினைகளில் தாய் தகப்பனுக்குத் துணைநின்றார்கள். படிப்பில் பின்தங்கியவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தரப்பட்டது. உடம்பு முடியாதவனுக்கு வைத்தியம், மனம் குழம்பியவனுக்கு மனநல உதவி, கோடை விடுமுறையில் பலருக்கு முகாம். ஒரு பையனுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் இது தொடர்ந்தது. 1945-இல் திட்டம் முடிந்தது.

கேபட் நல்ல மனிதர் மட்டுமல்லர், நல்ல விஞ்ஞானியும்கூட. வயது, குடும்பச் சூழல், சுபாவம் என்று எல்லா வகையிலும் ஒத்த பையன்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்க்கச் சொல்லியிருந்தார். பிறகு நாணயம் சுண்டி ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மற்றவனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். கடைசியில் எஞ்சியவை 253 ஜோடிகள், மொத்தம் 506 பேர். அந்தக் காலத்துச் சமூகப்பணியில் இப்படியொரு கறாரான ஏற்பாடு அபூர்வம். நமக்கு அது பெரிய அதிர்ஷ்டம். அந்த நாணயம் இல்லாவிட்டால் அடுத்து நடந்தது எதுவும் வெளியே தெரிந்திருக்காது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் அறிஞர் அந்தப் பையன்களைத் தேடிப் புறப்பட்டார். இப்போது அவர்கள் நடுவயதுக்காரர்கள். திட்டத்தில் இருந்தவர்களிடம் அது உதவியாக இருந்ததா என்று கேட்டார். பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆமாம் என்றார்கள். தனக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்ததாக, தெருவை விட்டு மீட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. ஆலோசகரின் பெயரை மறக்காமல் வைத்திருந்தவர்கள் உண்டு. இதோடு நிறுத்தியிருந்தால் சமூகசேவை மாநாடுகளில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் வெற்றிக்கதையாக அது இருந்திருக்கும்.

மெக்கார்ட் நிறுத்தவில்லை. நீதிமன்றப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், மனநலப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்து, ஜோடியில் நாணயம் கைவிட்ட பையனோடு ஒப்பிட்டார். 1978-இல் வெளியான முடிவுகள் அவரையே திகைக்க வைத்தன. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்கள் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், தீவிர மனநோய்க்கு ஆளானவர்கள், ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ வந்தவர்கள் எல்லாருமே உதவி பெற்ற குழுவில்தான் அதிகம். உதவி பெறாதவர்கள் மேலாக இருந்தார்கள். பின்னால் அவர் இன்னும் ஆழமாகப் போனபோது, உதவி நீண்டவர்களுக்கே பாதிப்பும் கூடியிருந்தது தெரிந்தது. குறிப்பாக, கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்கள் மிக மோசமாகப் போயிருந்தார்கள்.

முகாமில் என்ன நடந்திருக்கும்? தாமஸ் டிஷியன் என்ற உளவியலாளர் பிற்காலத்தில் வழிதவறும் பதின்வயதினரைக் குழுவாக உட்காரவைத்து ஆராய்ந்தார். ஒருவன் தன் போக்கிரித்தனத்தைச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் பரிசு. பெரியவர் முன்னால் நின்று நல்ல புத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பையன்களுக்குள் இந்த இன்னொரு பாடமும் ஓசையில்லாமல் நடக்கிறது. கேம்பிரிட்ஜ் பையன்களின் முகாமிலும் இதுவே நடந்திருக்கும் என்று டிஷியனும் மெக்கார்டும் 1999-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வாதிட்டார்கள்.

இந்தத் திட்டத்தை உளச்சிகிச்சை என்று சொல்லலாமா என்று கேட்கலாம். இன்றைக்கு ஒரு மூடிய அறையில் வாரம் ஒரு மணிநேரம் நடக்கும் சிகிச்சையோடு அதை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்த அறைக்குள் நடப்பதைப் பற்றி யோசிக்கும் எவரும் இந்தக் கதையைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கட்சி. உதவி செய்தவர் மனதார நம்பினார், உதவி பெற்றவர் மனதார நன்றி சொன்னார், உதவி கெடுதலாக முடிந்தது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது. காரணம், சிகிச்சை பெறாத இன்னொரு வாழ்க்கையை எந்த மனிதனும் வாழ்ந்து பார்ப்பதில்லை. அவனுக்கான அந்த இன்னொருவன் ஒப்பீட்டுக் குழுவில்தான் இருக்கிறான்.

உளச்சிகிச்சையே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த முடிவுக்கு வந்த ஒருவர் ஏற்கெனவே இருந்தார். லண்டனில் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் 1952-இல் ஒரு சிறிய கட்டுரையில் குண்டு போட்டார். நரம்புத்தளர்ச்சி, பதற்றம் போன்ற தொல்லைகள் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகளில் எப்படியும் தேறிவிடுகிறார்கள், சிகிச்சை அதற்கு மேல் எதையும் சாதித்ததாகச் சான்றில்லை என்றார். அவர் எண்களைச் சேர்த்த விதம் சரியில்லை என்று கடும் சண்டை நடந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1977-இல், மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் நடுத்தரமாகத் தேறிய ஒருவர்கூட, பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட மேலான நிலையில் இருந்தார். பிறகு வந்த ஆய்வுகள் இந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. ஆனாலும் பேச்சால் மனம் குணமாக முடியும் என்பதில் இன்று பெரிய சந்தேகமில்லை.

அந்தச் சண்டையின் நடுவே ஆலன் பெர்ஜின் என்பவர் கவனித்த ஒன்றுதான் நம் கதைக்கு முக்கியம். பழைய ஆய்வுகளில் சிகிச்சை பெற்ற குழுவின் சராசரி அசையாமல் இருக்கலாம், ஆனால் அதன் உள்ளே மதிப்பெண்கள் இரு பக்கமும் சிதறியிருந்தன. சிலர் வெகுவாகத் தேறியிருந்தார்கள், சிலர் வரும்போது இருந்ததைவிட மோசமாகியிருந்தார்கள். இருவரையும் கூட்டி வகுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் தெரிகிறது. இன்றைய மதிப்பீட்டில் சிகிச்சைக்கு வரும் பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் மோசமாகிறார்கள். அதிலும் எல்லாருமே சிகிச்சையால் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. வேலை போனவர், மணவாழ்க்கை முறிந்தவர், நோய் தன் போக்கில் முற்றியவர் என்று பலர் இருப்பார்கள். மோசமாகாமலும் தேறாமலும் அப்படியே இருப்பவர்கள் இதைவிட அதிகம். பாதியில் நின்றுவிடுபவர்கள் இன்னொரு கூட்டம். 669 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் பார்த்தபோது ஐந்தில் ஒருவர் அப்படி நின்றிருந்தார். நம்மூரில் கேட்டால் ‘எனக்கு ஒத்துவரல’ என்ற இரண்டு சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். எது ஒத்துவரவில்லை என்று யாரும் தோண்டிக் கேட்பதில்லை.

சிகிச்சையாளருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? வாரா வாரம் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசுபவர் அவர்தானே. மைக்கேல் லாம்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு இதைச் சோதித்தது. 2005-இல் வெளியான அந்த ஆய்வில் சிகிச்சையாளர்களிடம் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கணிப்புக் கேட்டார்கள்: இவர் தேறுவாரா, மோசமாவாரா? வழக்கமாக நூற்றுக்கு எட்டுப் பேர்போல மோசமாவார்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்கள். 550 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். மோசமாகப் போவார்கள் என்று சிகிச்சையாளர்கள் கைகாட்டியது மூன்றே பேரை. உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். கைகாட்டிய மூவரில் ஒருவர் மட்டுமே அந்த நாற்பதில் இருந்தார். அதே 550 பேரை ஒரு சாதாரணப் புள்ளிவிவரச் சூத்திரத்தால் கணித்தபோது, மோசமானவர்களில் பெரும்பாலானவர்களை அது பிடித்துவிட்டது.

இந்தக் குருட்டுத்தனத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். 2012-இல் 129 சிகிச்சையாளர்களிடம் சக சிகிச்சையாளர்களோடு ஒப்பிட்டு உங்கள் திறமையை மதிப்பிடுங்கள் என்று கேட்டார்கள். கால்வாசிப் பேர் தங்களை உச்சியிலிருக்கும் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே தன்னை வைத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. இதை அகங்காரம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தேறியவர் கடைசி நாளில் இனிப்போடு வந்து கையைப் பிடித்து நன்றி சொல்கிறார். தேறாதவர் அடுத்த வாரம் வருவதில்லை, போனையும் எடுப்பதில்லை. எவ்வளவு நேர்மையான மனிதருக்கும் இந்தத் தொழிலின் நினைவுகள் ஒருதலைப்பட்சமாகவே சேரும்.

தோல்வி கண்ணில் பட்டாலும் அதைத் தோல்வி என்று படிக்காமல் விட இந்தத் துறைக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. அது ஃபிராய்டிடமிருந்து வந்தது. 1900-ஆம் ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய தந்தை ஃபிராய்டிடம் அழைத்துவந்தார். இருமல், குரல் போய்விடுதல், சோர்வு. டோரா என்ற புனைபெயரில் அவள் கதையை ஃபிராய்டு 1905-இல் வெளியிட்டார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தவறாக நடக்க முயன்றார் என்று டோரா சொன்னாள். தன் தந்தைக்கும் அந்த நண்பரின் மனைவிக்கும் உறவு இருக்கிறது, அது கலையாமல் இருக்கத் தன்னை அந்த மனிதருக்குப் பண்டமாற்றாக விட்டிருக்கிறார்கள் என்றாள். வீட்டில் யாரும் நம்பவில்லை. ஃபிராய்டு நம்பினார், அது அவருக்குப் பெருமை. ஆனால் உன் உள்மனம் அந்த மனிதரை விரும்புகிறது என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் இல்லை என்றாள். அந்த இல்லையையே ஆமாம் என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டார். டிசம்பர் 31 அன்று, இன்றோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பதினோரு வாரத்தில் எல்லாம் முடிந்தது.

ஃபிராய்டு இந்தத் தோல்வியை மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முற்றுப்பெறாத சிகிச்சை என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். சிகிச்சைக்கு வருபவர் பழைய மனிதர்களிடம் கொண்ட உணர்ச்சிகளைச் சிகிச்சையாளர் மேல் ஏற்றிப் பார்ப்பதை நேரத்தோடு கவனிக்கத் தவறிவிட்டதாக எழுதினார். அந்த ஒரு பாடத்தின் மேல்தான் உளப்பகுப்பாய்வின் பிற்கால நடைமுறையில் பாதி நிற்கிறது. ஆனால் ஊரே பொய்க்காரி என்ற பெண் மருத்துவரும் தன் பேச்சை மறுக்கிறார் என்று கண்டதும் எழுந்து போனது, கோளாறின் அறிகுறியாக இல்லாமல் தெளிவின் அறிகுறியாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நோயாளியின் மறுப்புக்கு உளப்பகுப்பாய்வு வைத்த பெயரான ‘எதிர்ப்பு’ என்ற சொல் கையில் இருக்கும்வரை எந்தச் சிகிச்சையும் தோற்காது, தோற்பவர் நோயாளியாகத்தான் இருப்பார்.

இந்தச் சொல்லுக்கு மிக அதிக விலை கொடுத்தவர்களில் ரஃபேல் ஓஷராஃப் ஒருவர். சிறுநீரக மருத்துவர். 1979-இல் கடுமையான மனச்சோர்வோடு மேரிலாண்டில் உள்ள செஸ்ட்நட் லாட்ஜ் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே உளப்பகுப்பாய்வு மட்டும்தான், மனச்சோர்வுக்கு மாத்திரை கிடையாது. ஏழு மாதம் ஓடியது. நாள் முழுவதும் தாழ்வாரத்தில் நடந்துநடந்து கால் வீங்கிப் புண்ணானது, எடை 40 பவுண்டு இறங்கியது. நடுவில் மருத்துவர்கள் கூடிப் பேசி, சிகிச்சை முறையை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார்கள். கடைசியில் குடும்பத்தார் கனெக்டிகட்டில் உள்ள இன்னொரு மருத்துவமனைக்கு அவரை மாற்றினார்கள். மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே முன்னேற்றம் தெரிந்தது, மூன்று மாதத்தில் வீட்டுக்குப் போனார். அவர் தொடுத்த வழக்கு 1987-இல் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்க மனநல மருத்துவமே அந்த வழக்கால் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. இதை மருந்தின் வெற்றிக்கதையாகச் சொல்லி முடிப்பது வழக்கம். ஆனால் ஓஷராஃபின் பிற்கால வாழ்க்கையும் சீராக அமையவில்லை. இழந்த தொழிலையும் குடும்பத்தையும் மாத்திரையால் திருப்பித் தர முடியவில்லை.

எல்லாத் தோல்வியும் பிடிவாதத்தால் வருவதில்லை. தவறான நேரத்தில், தேவையில்லாத ஆளுக்குச் செய்யும் உதவியும் தோற்கிறது. விபத்திலோ பேரிடரிலோ சிக்கியவர்களை இரண்டு மூன்று நாட்களுக்குள் உட்காரவைத்து, என்ன பார்த்தாய், என்ன நினைத்தாய், எந்தக் கணம் மிகக் கொடுமையாக இருந்தது என்று முழுவதையும் சொல்லவைப்பது டிபிரீஃபிங் எனப்படும் முறை. ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் தீயணைப்பு வீரர்கள் போன்ற அவசரப் பணியாளர்களின் குழுக்களுக்காக இதை வகுத்தார். அது விரைவில் எல்லாருக்குமாகப் பரவியது. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்பது யாருக்கும் பட்டென்று ஒப்பக்கூடிய எண்ணம்தானே.

கார்டிஃபில் தீக்காயம் பட்டவர்களிடம் ஜோனதன் பிஸனின் குழு இதைச் சோதித்தது. 13 மாதம் கழித்துப் பார்த்தால், டிபிரீஃபிங் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு இருந்தது, பெறாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். முதல் குழுவில் தொடக்கத்திலேயே காயம் சற்றுக் கடுமை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சாலை விபத்தில் அடிபட்டவர்களை ஆக்ஸ்ஃபர்டில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வும் அதே பக்கமே சாய்ந்தது. விபத்து முடிந்த கையோடு மிகவும் கலங்கிப்போயிருந்தவர்களில், பேசவைக்கப்பட்டவர்கள் மூன்று ஆண்டு கழித்தும் கலக்கத்தோடு இருந்தார்கள், விட்டுவைக்கப்பட்டவர்கள் தாமாகவே தேறியிருந்தார்கள். ஏன் என்பதற்கு ஊகங்கள் பல. நினைவு இன்னும் ஆறாத நேரத்தில் அதைக் கிளறுவது பதிவை ஆழமாக்கலாம். இன்னின்ன அறிகுறி வரும் என்று சொல்லிவைப்பதே அவற்றை எதிர்பார்க்க வைக்கலாம். பேச வேண்டிய மனைவியிடமும் அண்ணனிடமும் பேசாமல், பேசியாகிவிட்டது என்று நின்றுவிடலாம். விசித்திரம் என்னவென்றால், மாதங்கள் கழித்து, கோளாறு உறுதியானவர்களிடம், பல வாரங்கள் படிப்படியாக அதே நினைவைப் பேசவைக்கும் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. ஒரே செயல்தான், நேரமும் அளவும் ஆளும் வேறு.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது இந்த ஆய்வுகள் ஏற்கெனவே அச்சில் இருந்தன. ஆனாலும் இலங்கையின் கரையோரங்களுக்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கினார்கள். சிலருக்கு மொழி தெரியாது, சிலர் சில நாட்கள் மட்டுமே தங்கினார்கள். போரால் ஏற்கெனவே நொந்திருந்த மட்டக்களப்பு, முல்லைத்தீவு மக்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்று கேட்டவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் நடுவிலிருந்து நெடுங்காலமாகச் சொல்லிவந்த விஷயம் இது: இங்கே காயம் தனிமனிதனின் தலைக்குள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன, ஆறுவதும் அங்கேதான். இலங்கையரான உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோ மக்களையே பேசவைத்துக் கேட்டபோது, அவர்கள் துன்பத்தைப் பெரும்பாலும் உறவுகளின் இழப்பாகவும், குடும்பத்திலும் ஊரிலும் தங்களுக்கிருந்த இடத்தின் இழப்பாகவும் சொன்னார்கள். 2007-இல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட அவசரக்கால வழிகாட்டி, உடனடி ஒருமுறை டிபிரீஃபிங் வேண்டாம் என்று சொன்னது. முதலில் பாதுகாப்பு, உணவு, காணாமல்போனவர் பற்றிய தகவல், உறவினரோடு சேர்த்துவைத்தல். பிறகு தேவைப்படுபவருக்கு மட்டும் சிகிச்சை.

இனி மூடிய அறைக்குத் திரும்புவோம். சரியான ஆள், சரியான நேரம், நிரூபிக்கப்பட்ட முறை எல்லாம் இருந்தும் சிகிச்சை எங்கே முறிகிறது? 1996-இல் லூயி காஸ்டோங்கே குழுவினர் மனச்சோர்வுக்கான அறிவுநிலைச் சிகிச்சையின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார்கள். இந்த முறையில், உன் எண்ணங்கள்தான் உன் சோர்வுக்கு வேர் என்று காட்டுவது முக்கியமான வேலை. சில உரையாடல்களில் வந்தவர் முரண்டு பிடிக்கிறார்: நீங்கள் சொல்வது எனக்குப் பொருந்தவில்லை, நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியவில்லை. சிகிச்சையாளர் செய்தது என்ன? முறையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். உன் எண்ணத்தில்தான் கோளாறு என்று இன்னும் பொறுமையாக, இன்னும் விரிவாக விளக்கினார். அப்படி நடந்த இடங்களில் பலன் குறைந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்ட்ரப் குழுவினர் சிகிச்சையாளர்களுக்குக் கையேடு வைத்துப் பயிற்சி கொடுத்தபோதும் இதே சங்கடம். நுட்பம் கூடியது, கூடவே பேச்சில் கடுமையும் எட்டிப்பார்த்தது.

ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் மியூரன் இருவரும் இந்த முறிவுக் கணங்களையே தங்கள் ஆய்வுப்பொருளாக்கினார்கள். முறிவு இரண்டு விதம். ஒருவர் வெளிப்படையாகக் கோபப்படுவார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் விலகிப்போவார். பெரியவர்களிடம் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம்மவர்களிடம் இரண்டாவது விதம்தான் அதிகம் என்று நினைக்கிறேன். சிகிச்சையாளர் அங்கே நின்று, நமக்குள் ஏதோ சரியில்லையோ, இதில் என் பங்கு என்ன என்று கேட்டுவிட்டால், முறிந்து சேர்ந்த உறவு சில சமயம் முறியாத உறவைவிட அதிகப் பலன் தருகிறது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் தன் அதிருப்தியைச் சொல்லி, அதற்காகத் தண்டிக்கப்படாமல் இருக்கிறார். அது பேச்சைவிடப் பெரிய மருந்தாகிவிடுகிறது.

ஆனால் தலையாட்டுபவரை எப்படிக் கண்டுபிடிப்பது? லாம்பர்ட் குழுவின் வழி கொஞ்சமும் கவர்ச்சியற்றது. ஒவ்வொரு முறையும் உள்ளே வருமுன் 45 கேள்விகள் கொண்ட ஒரு தாள். தூக்கம், எரிச்சல், வீட்டில் சண்டை, வேலை. எதிர்பார்த்த பாதையிலிருந்து ஒருவர் விலகினால் சிகிச்சையாளருக்கு மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை போகும். அந்தக் குழுவின் சொந்த ஆய்வுகளில், வழிதவறியவர்களில் மோசமாவோரின் பங்கு இதனால் ஏறத்தாழ பாதியானது. மற்ற இடங்களில் பலன் இதைவிடக் குறைவு. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்குவதைத் தாளில் எழுதிவிட முடிகிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அனுபவம் இதைத் தானாகவே கற்றுத்தராதா என்றால், தருவதில்லை. சைமன் கோல்ட்பெர்க் 2016-இல் 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 பேரையும் பல ஆண்டுகள் நீளத்தில் பார்த்தார். ஆண்டு கூடக்கூட அவர்களுடைய பலன் மிகமிகச் சிறிய அளவில் குறைந்துகொண்டே போனது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு கனடாவின் கால்கரி கவுன்சலிங் சென்டரில் நடந்தது. அங்கே ஒவ்வொரு சிகிச்சையாளரின் முடிவுகளும் தொடர்ந்து அளக்கப்படும், தேறாதவர்களைப் பற்றி வெளிப்படையாகக் கூடிப் பேச வேண்டும், அதற்கேற்பப் பயிற்சி எடுக்க வேண்டும். ஏழு ஆண்டுகளில் 153 பேரின் பலன் சராசரியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் சீராக, மேலே போனது. இந்த அளவீட்டை முதலில் கட்டாயமாக்கியபோது அங்கிருந்த சிகிச்சையாளர்களில் கணிசமானோர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள்.